கைகாட்டி மரத்தின் கலசம்

கலையரசனுக்குப் பொறாமை வந்தால் முகத்திலேயே தெரிந்துவிடும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பான். கண்ணாடிக் கடைக்காரன், துடைக்கிற துணிக்கா பஞ்சம்? தேரடித் தெருவில் அவன் கடைக்கு எதிரே இன்னொருத்தர் ஏ.சி. போட்டுக் கண்ணாடிக் கடை திறந்த அன்று முழுக்கத் துடைத்துக்கொண்டிருந்தான். கீழ்பென்னாத்தூரில் அவன் அண்ணன் நிலத்தில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, நன்றாக விளைந்த வருஷமெல்லாம் துடைத்தான். மச்சினன் கார் வாங்கினபோதும் அப்படித்தான். போளூர் ரோட்டில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் நான் அவனுக்குப் பழைய சிநேகிதன். நான் புது கட்டிங் மெஷின் வாங்கினபோதும் வந்து பார்த்து, "நல்லா இருக்குது சக்தி" என்று சொல்லி, நின்று துடைத்துவிட்டுப் போனவன்தான்.

இதெல்லாம் சில்லறைப் பொறாமை. ஒரு ராத்திரி தூங்கினால் சரியாகிவிடும். சரியாகாத பொறாமை ஒன்று அவனுக்கு வந்தது. அது ஒரு பல் செட் செய்கிற பெண்மணியால் வந்தது.

அதற்கு முன் அவனுடைய ரயில் கதையைச் சொல்ல வேண்டும். விழுப்புரத்துக்கும் காட்பாடிக்கும் நடுவே நம்ம ஊர் வழியாகப் போகிற பாதை முன்பு மீட்டர் கேஜ். அகலப் பாதை போடுவதற்காக அதைப் பிடுங்கினபோது சின்னத் தண்டவாளம், சின்னப் பெட்டிகள், கைகாட்டி மரம் எல்லாம் போயிற்று. பெரிய ரயில் வருகிறதே என்று ஊர் சந்தோஷப்பட்டது, நானும் சந்தோஷப்பட்டேன். கலையரசனுக்கு மட்டும் கோபம். போனதற்காக அல்ல. டீக்கடையில் ஒருத்தர் கைகாட்டி மரம் இருபது அடி என்றார், இன்னொருத்தர் முப்பது என்று சத்தியம் பண்ணினார். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை, ஆனால் எல்லோரும் பேசினார்கள். அது அவனுக்குப் பொறுக்காது. "அளவு மாறாம நான் செஞ்சு காட்டறேன், அப்பறம் பேசுங்கடா" என்று எழுந்து வந்தவன்தான். அன்றிலிருந்து பழைய ரயிலைச் சின்னதாகச் செய்வது அவனுக்குத் தொழில், கண்ணாடிக் கடை உபதொழில்.

நிஜத்தில் ஒரு மீட்டர் அகலமுள்ள பழைய பாதை, அவன் மேசையில் பன்னிரண்டு மில்லிமீட்டர். மற்றதெல்லாம் அதே கணக்கில் சுருங்க வேண்டும். உடைந்த பிரேமின் காதுக்கம்பி அவன் கையில் ஏணியாகும். கீல் திருகாணிகள் பெட்டிக்கு அடியில் போய் உட்காரும். ஒரு பெட்டியின் ஜன்னலில் எத்தனை குறுக்குக் கம்பி, படி எவ்வளவு உயரம், எந்த வருஷம் என்ன சிவப்பு என்று கேட்டுக்கொண்டு ரிட்டயர் ஆன கார்டு வீடு, பழைய போட்டோ ஸ்டுடியோ என்று அலைவான். பெட்டியின் மேல் வரும் எழுத்தும் நம்பரும் நான் வெட்டிக் கொடுப்பது. ஒரு தலைமுடி அளவு கூடிப் போனால்கூட எடுத்துக் கசக்கிப் போட்டுவிட்டு, "நீயெல்லாம் கல்யாண போர்டு வெட்டத்தான் லாயக்கு" என்பான். அவன் பெண்டாட்டி கீதாஞ்சலி ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "எனக்குத் தாலிக்கொடி மாத்தறப்போகூட இவ்ளோ பார்த்துப் பார்த்து வாங்கலண்ணா இவரு."

அவன் செய்ததில் அவனுக்கே உயிர், கைகாட்டி மரம். ஸ்டேஷனுக்கு வெளியே நிற்கும் உயரமான கம்பம், அதில் ஒரு சிவப்புக் கை. கை நேராக நீட்டியிருந்தால் வண்டி வெளியே நிற்க வேண்டும், சாய்ந்திருந்தால் உள்ளே வரலாம். அவனுக்குக் கிடைத்த ஒரே நல்ல போட்டோவில் பிளாட்பாரக் கோடியில் ஒரு கல்யாணக் கோஷ்டி நிற்கிறது. அவர்களுக்குப் பின்னால் கைகாட்டி மரம் நிற்கிறது. ஆனால் அதன் தலை போட்டோவுக்கு வெளியே போய்விட்டது. மாப்பிள்ளையின் தலைப்பாகை முழுசாக இருக்கிறது, கம்பத்தின் உச்சியைக் காணோம்.

உச்சியில் என்ன இருந்திருக்கும் என்று மாசக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டான். கடைசியில் பித்தளை ஊசி ஒன்றைக் கடைந்து, கீழே ஒரு குடம், அதன் மேல் அதைவிடச் சின்னக் குடம், அதற்கு மேல் கூர் என்று செய்து பொருத்திவிட்டான்.

"டேய், கலசம் வச்சுட்டியேடா!" என்று சிரித்தேன்.

"வெள்ளைக்காரன் நட்ட கம்பம்னா மேல கூம்பு இருக்கும். புக்குல பார்த்திருக்கேன், உனக்குத் தெரியாது."

கூம்பு இருக்கும், சரி. இப்படியா இருக்கும்? கடை வாசலில் தலையைத் தூக்கினால் ராஜகோபுரம், சந்து திரும்பினால் இன்னொரு கோபுரம் என்று இருக்கிற ஊரில், செங்குத்தாக ஒன்றை நிறுத்தின கை, அதன் தலையில் கலசம் வைக்காமல் கீழே இறங்காது. வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்தத் தப்பு வந்திருக்காது. ஆனால் பார்க்க அழகாக இருந்ததால் நானும் விட்டுவிட்டேன்.

மதிவதனி பெரிய தெருவுக்குப் பின்னால் லேப் வைத்திருக்கிறாள். பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள், இவள் பல் செய்து திருப்பி அனுப்புவாள். எங்களைவிட ஒன்றிரண்டு வயது கம்மி. கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி போட வந்தவள், ஷோகேஸில் பிரேம்களுக்கு நடுவே நின்ற ரயில் பெட்டியைப் பார்த்துவிட்டு, கண்ணாடியை மறந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் கம்பியை எதில் இழுத்தீங்க, கூரை வளைவை எப்படி அடிச்சீங்க. இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட அவனிடம் அதைக் கேட்டதில்லை. அவனுக்குத் தலை கால் புரியவில்லை. வீட்டுக்கே கூட்டிப் போய் எல்லாவற்றையும் காட்டினான். அவள் பல் அளக்கிற கருவியை எடுத்து வந்து, கைகாட்டி மரத்தை அடியிலிருந்து கலசம் வரை அளந்து குறித்துக்கொண்டாள். "நல்லா அளந்துக்கம்மா, நம்மகிட்ட ஒளிவு மறைவு கிடையாது" என்றான். நானும் அப்போது அங்கேதான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து நாங்கள் மூன்று பேர். எங்களுக்குள் ஒரு பழக்கம், அதை ஏற்படுத்தினவனே கலையரசன்தான். செய்ததில் ஒரு தப்பு என்று யாருக்காவது தெரிய வந்தால், அது தன்னுடையதோ அடுத்தவருடையதோ, அன்றைக்கே எங்கள் வாட்ஸ்அப்பில் போட்டுவிட வேண்டும். மறைக்கக் கூடாது. ஒரு தப்பை மூணு பேர் செய்யக் கூடாது என்பான்.

அவள் செய்த முதல் பெட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து அவன் மேசையில் வைத்தாள். நான் சொல்லிவிடுகிறேன், அவன் பெட்டி பொம்மை மாதிரி ஆகிவிட்டது. பல்லுக்கு அச்சு வார்க்கிற கை, ஒவ்வொரு ஜன்னல் சட்டமும் பிசிறில்லாமல் இருந்தது. நிறத்தைச் சொல்லவே வேண்டாம். பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போக வேண்டும் என்று வெள்ளையிலேயே பதினைந்து வெள்ளை பார்க்கிற கண் அவளுடையது. வெயிலில் வெளுத்து, கதவுப் பக்கம் மட்டும் கைபட்டுக் கறுத்த அந்தச் சிவப்பை அப்படியே கொண்டுவந்திருந்தாள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். கலையரசன் கண்ணாடியைக் கழற்றினான்.

"பரவால்லம்மா. முதல் வாட்டிக்கு ஜாஸ்திதான்" என்றான்.

அடுத்ததாக அவள் வாயைத் திறந்ததுதான் வினை. "அண்ணா, கைகாட்டியில பச்சைக் கண்ணாடி வச்சிருக்கீங்க இல்ல, அது நீலம் கலந்து இருக்கணும்ணா. ராத்திரியில உள்ள எரியறது மண்ணெண்ணெய் விளக்கு. அந்த வெளிச்சமே மஞ்சள். நீலக் கண்ணாடி வழியா வந்தாத்தான் வெளிய பச்சையா தெரியும். வெறும் பச்சை வச்சா மங்கிடும்."

சரியான விஷயம்தான். அன்று ராத்திரியே தேடிப் பார்த்து உறுதி பண்ணிக்கொண்டான், காலையில் கண்ணாடியை மாற்றினான், குரூப்பிலும் போட்டான். எல்லாம் பழக்கப்படி. ஆனால் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. "கண்ணாடி என் தொழில்டா. கண்ணாடியைப் பத்தி எனக்கு ஒரு பல்லுக்காரி சொல்றா" என்று என் கடையில் வந்து உட்கார்ந்து புலம்பினான். ஒரு வாரம் கழித்தும் அதையே புலம்பினான். அவள் போனில் ஏதாவது போட்டோ போட்டால் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி, புள்ளி புள்ளியாகப் போகும் வரை இழுத்துப் பார்ப்பான். குற்றம் கிடைக்காது. கிடைக்கவில்லை என்றால் அன்றைக்குக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எரிந்து விழுவான்.

இப்படி இருக்கையில்தான் ஆதிமூலம் செங்கம் ரோட்டில் லாட்ஜ் கட்டினார். கீழ்பென்னாத்தூர் பக்கம் அரிசி மில் வைத்திருப்பவர். வெளிநாட்டுக்காரர்களும் வடநாட்டுக்காரர்களும் வந்து தங்குகிற இடம், மற்ற லாட்ஜுகளில் மாட்டியிருக்கிற மலைப் படமே நம்மிடமும் வேண்டாம் என்று நினைத்தார். வரவேற்பறையில் பெரிய கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பழைய மீட்டர் கேஜ் ரயில் ஸ்டேஷனுக்குள் நுழைகிற காட்சி. கீழே பித்தளைத் தகட்டில் செய்தவர் பெயர். யாரோ சொல்லி எங்களைக் கூப்பிட்டார். "ஆளுக்கு ஒரு கைகாட்டி, மூணு பெட்டி கொண்டாங்க. எது சரியா இருக்குதோ அவங்களுக்கே முழு வேலையும். ரயில் பைத்தியங்க வந்து போட்டோ புடிச்சுப் போடுவாங்க. ஒரு தப்பு இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

பித்தளைத் தகடு என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து கலையரசனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊருக்கு அவன் வெறும் கண்ணாடிக்காரன். அண்ணன் வீட்டில் அவன் ரயிலைப் பற்றிப் பேச்சு வந்தால் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக் கண்ணடிப்பார்கள். ஆதிமூலத்தின் லாட்ஜுக்கு அந்த அண்ணனும் வருவார், மச்சினனும் வருவார். எல்லோரும் குனிந்து அந்தப் பெயரைப் படிக்க வேண்டும். அது தன் பெயராக இருக்க வேண்டும். மதிவதனி பெயராக இருந்தால் செங்கம் ரோட்டுப் பக்கமே போக மாட்டேன் என்று பெண்டாட்டியிடம் சொன்னானாம்.

அந்தச் சமயத்தில்தான் அவனுக்கு ஒரு போட்டோ கிடைத்தது. எப்போதோ ரமணாசிரமம் பக்கம் வாடகைக்குத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் எடுத்த படங்களை அவர் மகள் நெட்டில் போட்டிருந்தாள். மாடு, சாமியார், மலை, நடுவே ஒரு படத்தில் நம்ம ஸ்டேஷன் கைகாட்டி மரம். அடி முதல் தலை வரை முழுசாக இருந்தது. தலையில் கலசமும் இல்லை, கூம்பும் இல்லை. டப்பா மூடி மாதிரி தட்டையாக ஒரு இரும்பு மூடி.

அதைப் பார்த்தவன் என்ன செய்திருக்க வேண்டும்? அன்றைக்கே குரூப்பில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. குறடு எடுத்துத் தன் கைகாட்டியின் கலசத்தைப் பிடுங்கினான், உச்சியை அரம் போட்டுத் தட்டையாக்கினான், பெயின்ட் அடித்தான். எனக்குச் சொல்லவில்லை, மதிவதனிக்கும் சொல்லவில்லை. கீதாஞ்சலி சொல்லித்தான் இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரியும். "அன்னிக்கு ரொம்ப சந்தோஷமா இருந்தார்ணா, கேசரி கிண்டச் சொன்னார்" என்றாள்.

லாட்ஜில் இன்னும் வார்னிஷ் வாசனை போகவில்லை. நீள மேசையில் இரண்டு பேரும் தங்களுடையதை வைத்தார்கள். நம்பர் ஒட்டிக் கொடுத்தவன் என்ற முறையில் நானும் போயிருந்தேன். ஆதிமூலம் மேசையைச் சுற்றி வந்தார். கலையரசன் பக்கம் ஒரு தடவை நின்றார், மதிவதனி பக்கம் போய் அங்கேயே நின்றுவிட்டார். அவளுடைய பெட்டிக்குள் மர இருக்கைகளின் நடுவே தேய்மானம்கூட இருந்தது. பார்க்கப் பார்க்கக் கலையரசன் முகம் சிவந்தது.

"பார்க்க நல்லாத்தாங்க இருக்குது. ஆனா அந்தக் கைகாட்டி தப்பு" என்றான்.

மதிவதனி நிமிர்ந்தாள். அவன் பையிலிருந்து அந்தப் போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டதை எடுத்து மேசையில் விரித்தான். "இதுதான் நெஜ கைகாட்டி. பாருங்க, தலை தட்டை. இவங்க கலசம் வச்சிருக்காங்க. எந்த ரயில்வேல சார் கலசம் வைப்பாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போதுதான் அவன் கம்பத்தைப் பார்த்தேன். உச்சி மொட்டையாக இருந்தது, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட். மதிவதனியும் பார்த்தாள். போட்டோவைப் பார்த்தாள், அந்தப் புதுப் பெயின்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவன் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாங்க சார், தப்புதான். எனக்குத் தெரியாம போச்சு" என்றாள். இது உங்களுதைப் பார்த்து அளந்ததுதானே அண்ணா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே அவன் கதை முடிந்திருக்கும். எனக்கு நாக்கு துடித்தது. நான் சொல்வதற்குள் ஆதிமூலம் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் கலசத்துக்கு நேராகக் குனிந்தார்.

"இதையா தப்புன்றீங்க?" என்றார். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. "எம்மாம் அழகா வச்சிருக்குது பாருங்க. பெட்டியெல்லாம் எந்த ஊரு ரயிலுக்கும் இருக்கும். இதைப் பார்த்தாத்தான் நம்ம ஊரு ரயிலுன்னு தோணுது. தப்பா இருந்துட்டுப் போவட்டும், கேக்கறவனுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். ஏம்மா, இதை வைக்கணும்னு உனக்கு எப்படிம்மா தோணுச்சு?"

மதிவதனி தடுமாறினாள். உள்ளதைச் சொன்னால் கலையரசன் மாட்டிக்கொள்வான். சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே, "அது... செய்யறப்போ தானா வந்துதுங்க" என்றாள்.

"அதான் கைராசின்றது" என்றார் ஆதிமூலம். "இந்த மாதிரி தானா வரணும். அளந்து அளந்து செஞ்சா வருமா?"

கலையரசன் முகத்தை நான் பார்த்தேன். அவன் தப்புக்கு அவள் பழி சுமந்தபோது அவனால் நிற்க முடிந்தது. அவன் தப்புக்கு அவள் பாராட்டு வாங்குவதைத் தாங்க முடியவில்லை.

"தானா வந்துதா?" என்று கத்தினான். வரவேற்பறையில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பொய் சொல்லாதம்மா! சார், அது நான் வச்சது. பித்தளை ஊசியைக் கடைஞ்சு கடைஞ்சு, அந்தக் கீழ்க் குடம் ஒடைஞ்சு ஒடைஞ்சு போயி, நான் செஞ்சது சார். என் வீட்டுக்கு வந்து என்னுதை அளந்துனு போயி இவ செஞ்சா. டேய் சக்தி, சொல்லுடா! நீதானே சிரிச்ச!"

"ஆமாங்க, இவன் வச்சதுதான்" என்றேன்.

ஆதிமூலம் நிமிர்ந்து கலையரசனின் கைகாட்டியைப் பார்த்தார். "அப்ப உங்களுதுல எங்க அது?"

"புடுங்கிட்டேன்."

"எதுக்கு?"

"தப்புன்னு தெரிஞ்சுது. இந்தப் போட்டோ கெடைச்சுது."

"அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?"

மதிவதனி, "விடுங்க சார், எங்களுக்குள்ள..." என்று ஆரம்பித்தாள்.

"நீ ஒன்னும் எனக்காகப் பேசத் தேவையில்ல" என்று அவளை அடக்கினான். பிறகு ஆதிமூலத்தைப் பார்த்து, "சொல்லல சார். ஆனா தப்பு என்னுது. அதுல அவளுக்குப் பங்கு கெடையாது" என்றான். சொத்துக்கு வழக்காடுகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

ஆதிமூலம் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. மதிவதனியைப் பார்த்து, "வேலையை நீயே எடுத்துக்கம்மா. கலசம் இருக்கட்டும்" என்றார். கலையரசனிடம், "டீ சாப்ட்டுப் போங்க" என்றார்.

டீ சாப்பிடாமல் வந்துவிட்டோம். அட்டைப் பெட்டியில் கைகாட்டியையும் மூன்று பெட்டிகளையும் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் திட்டுவதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். நிறைய இருந்தன. கிரிவலப் பாதை பிரிகிற இடத்தில் ஒரு பஸ்ஸுக்காக ஆட்டோ நின்றது.

"சக்தி" என்றான்.

"என்னடா?"

"அவ செஞ்சதை நீ கிட்டப் போயி பார்த்தியா?"

"பார்த்தேன்."

"கீழ்க் குடம் என்னுதைவிட நல்லா வந்திருக்குதுடா" என்றான்.